ஒத்தை ஆளுக்கு ஒரு இலை

மருமவனே, ஒன் கட்டுரையை வாசிச்சேன். நடுவுல வார கிரேக்க எழுத்தையெல்லாம் தாண்டித் தாண்டித்தான் வாசிச்சேன், ஆனாலும் கடைசி வரைக்கும் வாசிச்சேன். முதல் பத்தியிலேயே நெஞ்சை நிமித்தி ஒரு வாக்கு குடுத்திருக்க. ஒளிக்கம்பியில எந்த இணைப்பு எப்ப வந்து நின்னாலும் ஒன் நோடுக்குள்ள, அதாவது கம்பிக வந்து கூடுத ஸ்விட்சுக்குள்ள, அதுக்குப் பாதை உண்டு, 'இடமில்ல, போ'ங்கிற பேச்சே கிடையாதுன்னு. நான்-பிளாக்கிங்காம். சந்தோசம்யா. நம்ம குடும்பத்துல இவ்வளவு பெரிய வாக்கை யாரும் யாருக்கும் குடுத்ததில்ல. ஒங்க அப்பா எங்க தங்கச்சியைக் கட்டும்போது கூட 'முடிஞ்ச மட்டும் பாத்துக்கிடுதேன்'னுதான் சொன்னாரு.

வாக்கு குடுக்கதுல தப்பில்ல. எப்படிக் காப்பாத்தப் போறங்கிறதுதான் பேச்சு. ஏற்கெனவே உக்காந்திருக்கவனை அசைக்காம, வாரவன் இஷ்டப்பட்ட இடத்துல உக்காந்தாலும் காப்பாத்துவியா? இல்ல, 'இந்தச் சட்டப்படிதான் உக்காரணும்'னு கம்பை ஊனிக்கிட்டு நின்னு காப்பாத்துவியா? இல்லாட்டி, 'அண்ணாச்சி, கொஞ்சம் எந்திரிச்சு அந்தப் பக்கம் போங்க'ன்னு ஆளைக் கிளப்பிக் காப்பாத்துவியா? முதலாவது ஸ்ட்ரிக்ட்-சென்ஸ், ரெண்டாவது வைட்-சென்ஸ், மூணாவது ரீஅரேஞ்சபிள். வாக்கு மூணுலயும் ஒண்ணுதான். செலவுதான் மலைக்கும் மடுவுக்கும். நீ மூணுல எதுன்னு நாலாவது பக்கத்துலதான் சொல்லுத. சரக்கு விக்கவன் வெலையைக் கடைசியில சொல்லுதது ஒலகத்து வழக்கம், அதனால ஒன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன்.

நான் என்னத்தக் கண்டேன், கம்பத்துல ஏறி எறங்குன ஆளு. ஆனா கம்பத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்சு ஒண்ணு கடகடன்னு ஓடும், அதைக் கேட்டுத்தான் எனக்கு ஒரு காது மந்தம். அல்மன் ஸ்ட்ரௌஜர், அமெரிக்காவுல கான்சாஸ் சிட்டிக்காரரு, பிணத்தை அடக்கம் பண்ணிக் குடுக்கதுதான் தொழிலு. எதிர்க்கடைக்காரன் பெண்டாட்டி எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டரா உக்காந்துக்கிட்டு, இவருக்கு வார போனையெல்லாம் தன் புருசன் கடைக்குத் திருப்பிவிட்டாளாம். அந்த வயித்தெரிச்சல்ல கண்டுபிடிச்ச மிசினும்பாக எங்க சீனியருக. கதையில எம்புட்டு நெசமோ. 1891-ல காப்புரிமை வாங்குனதும், 1892-ல இண்டியானா மாகாணத்து லா போர்ட்டுல முதல் எக்ஸ்சேஞ்சு ஓடுனதும் நெசம். ஆப்பரேட்டர் அம்மாவை எடுத்துட்டு மிசினை வச்சாச்சு, இனிமே யாரும் யாரையும் மறிக்க மாட்டாகன்னு நெனைச்சாக. எங்க! நடுவுல வழி போட்டுக் குடுக்குத செலக்டர் எல்லாம் வேலையில மாட்டிக்கிட்டா கூப்பிட்டவனுக்கு டொய்ங் டொய்ங்குதான். எதிராளி வீட்டுப் போன் சும்மாத்தான் கெடக்கும், இவன் போனும் நல்லாத்தான் இருக்கும், நடுவுல மட்டும் வழி இருக்காது. ஒன் கட்டுரையில 'பிளாக்கிங்'ங்கிற எடத்துலயெல்லாம் எனக்கு அந்த டொய்ங்தான் கேட்டுச்சு.

அந்தக் காலத்து ஆளுக அதுக்காக அழல. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில எர்லாங்னு ஒரு கணக்கு வாத்தியாரு. இத்தனை வழி வச்சா இத்தனை பேருல எத்தனை பேரு திரும்பிப் போவான்னு 1917-லேயே சூத்திரம் போட்டுக் குடுத்துட்டாரு. நூத்துல ஒருத்தன் திரும்பிப் போனா போகட்டும், அடுத்த நிமிசம் அவனே திரும்பக் கூப்பிடுவான், அதுக்காக எக்ஸ்சேஞ்சை ரெட்டிப்பாக் கட்ட முடியுமான்னு கம்பெனிக்காரன் கணக்குப் பாத்தான். நான் அந்தக் கட்சி. நீ நூத்துல ஒருத்தனைக் கூட அனுப்ப மாட்டேங்கிற கட்சி. ஒன் கட்சிக்கும் ஒரு பெரிய மனுசன் இருக்காரு, சார்லஸ் க்ளோ, பெல் லேப்ஸ்காரரு. 1953 மார்ச்சுல பெல் கம்பெனியோட தொழில்நுட்ப இதழ்ல அவரு எழுதுன கட்டுரையைத்தான் ஒன்ன மாதிரி எல்லாரும் முதல் மேற்கோளாப் போடுதீக.

36 வரவு, 36 போக்கு. ஒவ்வொரு வரவுக்கும் ஒவ்வொரு போக்குக்கும் தனித்தனி சந்திப்பு வச்சா 1296 சந்திப்பு வேணும். அதையே மூணு அடுக்காப் பிரிச்சு, சின்னச் சின்ன ஸ்விட்சா வச்சு, நடு அடுக்கை மட்டும் கொஞ்சம் தாராளமாப் போட்டா 1188-ல முடிஞ்சுபோகும், ஒருத்தனும் திரும்பிப் போக மாட்டான்னு அவரு காட்டினாரு. 108 மிச்சம். பெருசா இல்லேம்ப. 100-க்கு 100 ஆக்கிப் பாரு, 10,000 எங்க, 5,700 எங்க! இதுல 'கொஞ்சம் தாராளம்' எம்புட்டுங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. அதை ஒனக்குப் பந்தியில வச்சுச் சொல்லுதேன். நம்ம ஊருல எந்தக் கலியாணம்னாலும் பந்தி விசாரிக்கது இந்த மாமன்தானே.

சம்பந்தி விருந்துன்னு வச்சுக்கோ. மாப்பிள்ளை வீட்டுக்குப் பல வரிசை, பொண்ணு வீட்டுக்குப் பல வரிசை. வரிசைக்கு மிஞ்சிப்போனா 10 பேரு. மாப்பிள்ளை வீட்டு ஆளு ஒவ்வொருத்தருக்கும் பொண்ணு வீட்டுல ஒரு ஜோடி. ரெண்டு பேரும் அவரவர் வரிசையில ஒரே நம்பர் இலையில உக்காரணும். அப்படி ஒரு சம்பிரதாயம் எந்தச் சாதியிலயும் கெடையாது, கணக்குக்காக நான் உண்டாக்குனது. இப்ப சொல்லு, வரிசைக்கு எத்தனை இலை போடணும்? 10 பேருக்கு 10 இலைன்னு சொன்னேன்னா ஒனக்குப் பந்தி விசாரிக்கத் தெரியாது. பத்தாவது ஆளு வாரான். அவன் வரிசையில 9 நம்பர் போயாச்சு. அவன் ஜோடி வரிசையிலயும் 9 நம்பர் போயாச்சு. நேரங்கெட்டு இந்த 9-ம் அந்த 9-ம் வேற வேற நம்பரா அமைஞ்சா 18 நம்பர் கெட்டுப்போகும். ஆக 19 இலை போட்டாத்தான் எவனையும் கிளப்பாம உக்கார வைக்க முடியும். ஆளு எத்தனையோ, அதுல ரெண்டு மடங்கு, ஒண்ணு கொறைய. க்ளோ சொன்னது இம்புட்டுத்தான். ஆளைக் கிளப்பலாம்னா 10 இலையே போதும். அதையும் பெல் லேப்ஸ்லயே வாக்லாவ் பெனேஷ்ங்கிறவரு விரிவா எழுதி, 1965-ல புஸ்தகமாவே போட்டுட்டாரு.

இது வரைக்கும் எல்லாரும் ஒத்தை ஆளு. ஒலகம் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு. அப்புறம்தான் ஒங்க ஆளுக குடும்பத்தோட வர ஆரம்பிச்சாக.

முன்னாடியெல்லாம் ஃபைபருல 50 கிகாஹெர்ட்ஸ், 50 கிகாஹெர்ட்ஸா கோடு கிழிச்சு வச்சிருந்தாக. நோஞ்சானுக்கும் 50, பயில்வானுக்கும் 50. 100 கிகாபிட் வரைக்கும் அந்தக் கட்டத்துக்குள்ள அடக்கியாச்சு. 400 வந்ததும் முழங்கை இடிக்க ஆரம்பிச்சுது. ஜப்பான்ல என்.டி.டி. கம்பெனியில மசாஹிகோ ஜின்னோவும் கூட்டாளிகளும், 'கட்டத்தை அழிச்சுட்டு, அவனவனுக்கு வேண்டிய அகலத்தை வெட்டிக் குடுத்தா என்ன'ன்னு 2009-ல எழுதுனாக. 2012-ல ஐ.டி.யு. அமைப்பு தன்னோட ஜி.694.1 விதியில அதுக்கு எடம் விட்டுது. இனிமே அகலம் 12.5 கிகாஹெர்ட்ஸோட மடங்கு, அதுதான் ஒரு ஸ்லாட். 100 கிகாபிட்டை 37.5-ல அடக்குனா 3 ஸ்லாட். 400 கிகாபிட்டுக்கு 75 குடுத்தா 6 ஸ்லாட். ஃபைபர்ல புழக்கத்துல இருக்க சி-பேண்டை 4 டெராஹெர்ட்ஸ்னு வச்சாலும் 320 ஸ்லாட். நல்ல யோசனைதான், நானும் கை தட்டுதேன். ஆனா ஒரு நிபந்தனை கூடவே ஒட்டிக்கிட்டு வந்துட்டுது: ஒரே இணைப்போட ஸ்லாட்டெல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருக்கணும். மூணு பேரு குடும்பம்னா மூணு இலையும் ஒட்டி இருக்கணும். புருசன் இங்க, பெண்டாட்டி அங்க, பிள்ளை அடுப்படியிலன்னா ஒத்துக்கிட மாட்டாக.

இப்ப ஒன் நோடுக்கு வா. போலந்துல போஸ்னான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல கபாச்சின்ஸ்கியும் அவரு கூட்டாளிகளும் வேலை பாக்குத டபிள்யூ-எஸ்-டபிள்யூங்கிற அமைப்பைத்தான் நீ எடுத்திருக்க. முதல் அடுக்கு, வந்த இணைப்பை வேற ஸ்லாட்டுக்கு மாத்தும். நடு அடுக்கு ஸ்லாட்டை மாத்தாது, ஒரு ஃபைபர்ல இருந்து இன்னொரு ஃபைபருக்குத் தள்ளி மட்டும் விடும். மூணாவது அடுக்கு மறுபடியும் ஸ்லாட்டை மாத்தி வெளிய அனுப்பும். நடு அடுக்கு ஸ்லாட்டை மாத்தாததால, உள்ள வார ஃபைபர்லயும் வெளிய போற ஃபைபர்லயும் ஒரே நம்பர் ஸ்லாட் காலியா இருக்கணும். நான் உண்டாக்குன சம்பிரதாயம் இப்ப புரிஞ்சுதா? ஒங்க மாமன் சும்மா சொல்ல மாட்டான்.

நீ என்ன எழுதியிருக்க? 'அகலமான இணைப்புகள் வருவதால் நெரிசல் ஏற்படுகிறது.' பாவம்யா அந்தக் குடும்பஸ்தன். நெரிசலை உண்டாக்கது அவனா? பந்தியில நான் வருசக்கணக்காப் பாக்குதேன், மண்டபத்தைக் கெடுக்கது ஒத்தை ஆளு. தனியா வருவான், ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இலை விட்டு நடுவுல சம்மணம் போட்டு உக்காருவான். அடுத்தவனும் அதே மாதிரி. பாதிக்கு மேல இலை காலி, ஆனா மூணு பேரு குடும்பம் நின்னுக்கிட்டே இருக்கும். நகருங்கன்னா, 'நான் சாப்பிட்டுக்கிட்டில்ல இருக்கேன்'ம்பான். அவன் சொல்லுததும் ஞாயந்தான்.

கணக்கைப் போடுவோம். அதே 10 பேரு வரிசை. 3 பேரு குடும்பம் வாரப்ப அவுக வரிசையில மத்தவன் 7 பேரு இருக்கலாம், ஜோடி வரிசையிலயும் 7 பேரு. 14 பேரும் ஒத்தை ஆளு, 14 பேரும் வேற வேற நம்பர்ல, ஒவ்வொருத்தனும் அடுத்தவனுக்கு ரெண்டு இலை இடைவெளி விட்டுட்டான்னா, ஒருத்தன் 3 இலையைக் கெடுக்கான். 42 இலை போச்சு. அதுக்கு மேல 3 போட்டா 45. ஒத்தை ஆளுக்கு மட்டும் 19-ல முடிஞ்ச பந்தி, மூணு பேரு குடும்பத்தை உள்ள விட்டதும் 45-ல நிக்கி. இதே கணக்குல மூணுக்குப் பதிலா ஒண்ணைப் போட்டுப் பாரு, க்ளோவோட 19-தான் வரும். அவரு கணக்கு தப்பில்ல, அவரு காலத்துல குடும்பம் வரல.

இதுல ஒரு வேடிக்கையை நீ கவனிக்கவே இல்லியே. குடும்பம் பெருசாகப் பெருசாச் செலவு கூடிக்கிட்டே போகும்னுதானே நெனைக்க? 4 பேருக்கு 52. 5 பேருக்கு 55. 6 பேருக்கு? 54. எறங்கிட்டுது! 10 பேரும் ஒரே குடும்பம்னா 10 இலை போதும். ஏன்னா அவுக வரிசையில வேற எவனும் இருக்க முடியாது, கெடுக்கதுக்கு ஆளே இல்ல. முழு வரிசையைக் கேக்குதவன் யாருக்கும் தொந்தரவில்ல. ஒத்தை ஆளுக மட்டும் வந்தா அதுவும் பெரிய தொந்தரவில்ல. வரிசையில பாதியைக் கேக்குதானே, அந்த நடுத்தரத்தான்தான் ஒன் காசைக் கரைக்கவன். ஒன் கட்டுரையில இந்த வளைவு மூணாவது படமா இருக்கு, அதுக்குக் கீழ நீ எழுதியிருக்கது 'படம் 3'. அம்புட்டுத்தான். சொல்ல வேண்டியதை விட்டுட்டு நம்பரை மட்டும் போட்டிருக்க.

சரி, விளையாட்டுக் கணக்கு போதும், அசல் சாமானுக்கு வா. ஃபைபருக்கு 320 ஸ்லாட், பெரிய இணைப்பு 6 ஸ்லாட். மத்தவன் இந்தப் பக்கம் 314, அந்தப் பக்கம் 314. ஒவ்வொருத்தனும் 6-ஐக் கெடுத்தா, மேல ஒரு 6 சேத்து, 3774 ஸ்லாட். நோடுக்குள்ள இருக்க ஒரு ஃபைபர்ல 3774 ஸ்லாட் வேணும்! 12.5-ஆல பெருக்கு, 47 டெராஹெர்ட்ஸைத் தாண்டுது. கண்ணாடிக் கம்பியில ஓ-பேண்டு தொடங்கி யு-பேண்டு முடிய, 1260 நானோமீட்டர்ல இருந்து 1675 வரைக்கும் சுரண்டி எடுத்தாலும் மொத்தம் 59 டெராஹெர்ட்ஸ் பக்கம்தான். வெளிய 4 டெராஹெர்ட்ஸ் ஓடுத ஒரு கம்பிக்காக, உள்ள கிட்டத்தட்ட கண்ணாடியோட சொத்து முழுசையும் எழுதி வாங்கப் பாக்குத. கெட்டிக்காரன்தான்.

'மாமா, நடுவுல ஒரே ஃபைபர்தான் இருக்கணும்னு இல்ல'ம்ப. தெரியும்லே. நடு ஸ்விட்சைப் பலதாப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் 320 ஸ்லாட் ஃபைபரா இழுக்கலாம். 320-ல 6 ஒட்டிக் கெடைக்காமப் பண்ணணும்னா கொறைஞ்சது 53 ஒத்தை ஆளு வேணும், ஆறாறு இலைக்கு ஒருத்தன். மொத்தமே 628 பேருதான் இருக்கான். 11 ஃபைபரைக் கெடுத்துட்டு அசந்துபோவான், பன்னிரண்டாவதுல எடம் நிச்சயம். ஆக 12 நடு ஸ்விட்ச். இது நெசமாவே கட்டலாம். ஆனா ஒரு கம்பிக்கு 12 கம்பி. கம்பெனி முதலாளி முன்னால இந்தப் படத்தை விரிக்கும்போது என்னையும் கூட்டிட்டுப் போ, அவரு மூஞ்சியைப் பாக்கணும்.

நான் பந்தியில என்ன பண்ணுவேன் தெரியுமா? வாசல்லயே கம்போட நிப்பேன். ஒத்தை ஆளுக்கு இந்த முனை, குடும்பத்துக்கு அந்த முனை. குடும்ப முனையில இலையை மூணு மூணாக் கட்டிப் போட்டிருவேன். 10 பேரு வரிசைக்கே போட்டுப் பாரு. ஒத்தை ஆளுக்கு 19. மூணு பேரு குடும்பம் ஒரு வரிசையில 3-க்கு மேல அடங்காது. அடுத்துக் குடும்பம் வாரப்ப இந்தப் பக்கம் 2, அந்தப் பக்கம் 2 இருக்கலாம், அஞ்சாவது கட்டு நிச்சயம் காலி. 5 கட்டு, 15 இலை. மொத்தம் 34. ஒத்தை ஆளும் மூணு பேரு குடும்பமும் மட்டும் வார பந்தியில, இஷ்டத்துக்கு உக்கார விட்டா 45, நான் கம்போட நின்னா 34. ஒருத்தனைக் கூடக் கிளப்பல, ஒருத்தனும் திரும்பிப் போகல. இதைத்தான் ஒங்க ஆளுக ஸ்லாட்டைப் பிரிச்சு ஒதுக்கதுன்னு பெரிய சூத்திரமா எழுதி, வைட்-சென்ஸ்னு பேரு வச்சிருக்காக. 'இடது ஓரத்துல இருந்து நெருக்கி உக்காருங்க'ன்னு மட்டும் சட்டம் போட்டா போதாதான்னு கேப்ப. முதல் பந்திக்குப் போதும். பாதிப் பேரு எந்திரிச்சுப் போன பிறகு பாரு, பழைய சள்ளைதான். கம்பு, முனை பிரிச்சு நிக்கணும்.

அதுலயும் ஒரு எச்சரிக்கை. ரொம்ப முனை பிரிச்சா அதுவே தரித்திரம். ஒத்தை ஆளுக்கு ஒண்ணு, ரெண்டு பேருக்கு ஒண்ணு, மூணு, நாலு, அஞ்சுன்னு போனா, பிரிச்ச ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மடங்கு தாராளம் வேணும். கூட்டிப் பாத்தா இஷ்டத்துக்கு விட்டதே மலிவா இருந்திருக்கும். நீ எத்தனை அகலம் அனுமதிக்கணும்னு முதல்ல முடிவு பண்ணு. 100-க்கு ஒண்ணு, 400-க்கு ஒண்ணு, அம்புட்டுத்தான் ஒங்க வியாபாரம்னா ரெண்டு முனை போதும். 'எத்தனை அகலம் வேணும்னாலும் வரலாம்'னு பெருமைக்கு எழுதாத. அந்தப் பெருமைக்கு ஸ்விட்சு ஸ்விட்சா அழ வேண்டியிருக்கும்.

ஆளைக் கிளப்புத வித்தையையும் நீ ஒரு வரியில தாண்டிட்ட. எங்க காலத்துப் போனு மூணு நிமிசப் பேச்சு, நடுவுல கிளப்புனா சண்டைக்கு வருவான். ஒங்க ஒளி இணைப்பு மாசக்கணக்கா, வருசக்கணக்கா உக்காந்திருக்கும். அதை மெதுவா நகத்துத வழி இருக்கு. லேசரோட அலைநீளத்தைக் கொஞ்சங் கொஞ்சமா மாத்திக்கிட்டே போக, வாங்குத பக்கத்து ரிசீவரும் அது பின்னாலேயே தொடர்ந்து வர, ஒரு பிட்டு கூடச் சிந்தாம ஸ்பெக்ட்ரத்துல சறுக்கிக்கிட்டே போறது. புஷ்-புல்லும்பாக. இத்தாலிக்காரக சோதனை பண்ணியே காட்டியிருக்காக. உக்காந்தபடியே, இலையை இழுத்துக்கிட்டே நகருத சூட்சுமம் அது, எனக்கு ரொம்பப் பிடிச்சுது. ஆனா நடுவுல இன்னொருத்தன் உக்காந்திருந்தா அவனைத் தாண்டிப் போக முடியாது. மடியில ஏறித்தான் போகணும், அது அசிங்கம். அதனால எந்த வரிசையில யாரு முதல்ல நகரணும்னு ஒரு ஒழுங்கு வேணும். ஒன் ஆராய்ச்சிக்கு அதுல நாலு வருசத்து வேலை இருக்கு. நீ என்னடான்னா ஸ்ட்ரிக்ட்-சென்ஸைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்க.

இப்ப கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லுதேன், கோவிக்காத. முதல் அடுக்கு இணைப்பை வேற ஸ்லாட்டுக்கு மாத்தும்னு நீ எழுதியிருக்கதை நான் ரெண்டு தரம் வாசிச்சேன். ஒளியை ஒளியாவே வச்சுக்கிட்டு அலைநீளத்தை மாத்துத பெட்டி சோதனைக்கூடத்துல இருக்கு, கட்டுரையில இருக்கு. நெட்வொர்க் நடத்துதவன் கடையில போயி நூறு எடுத்து மாட்டுத சாமானா அது இன்னும் ஆகல. இன்னைக்கு அலைநீளம் மாத்தணும்னா பெரும்பாலும் ஒளியை மின்சாரமாக்கி, மறுபடி ஒளியாக்கித்தான் அனுப்புதாக. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி டிரான்ஸ்பாண்டர், நோடுலயே வெலை கூடுன உருப்படி அதுதான். நீ சந்திப்பை எண்ணிக் கொறைச்சேன்னு மார் தட்டுத. மாத்துத பெட்டியை எண்ணவே இல்ல. க்ளோ காலத்துல சந்திப்புதான் காசு, அதனால அவரு சந்திப்பை எண்ணுனாரு.

கம்பெனிக்காரன் இப்ப ஓட்டுத நோடைப் போயி ஒரு தரம் பாரு. வாசலுக்கு ஒரு டபிள்யூ.எஸ்.எஸ்., அதாவது அலைநீளம் பாத்துப் பிரிக்குத ஸ்விட்சு, போக்குக்கு ஒரு டபிள்யூ.எஸ்.எஸ்., நடுவுல எல்லாத்துக்கும் எல்லாத்துக்கும் கம்பி. உள்ள இருக்க திரவப்படிகச் சில்லு, எந்த ஸ்லாட்டு எந்தப் பக்கம் போகணும்னு ஒளியைத் திருப்பிவிடும். வந்த அலைநீளம் எதுவோ அதுலேயே வெளிய போகும், மாத்துத வேலையே கெடையாது. வெளிய போற ஃபைபர்ல அந்த ஸ்லாட்டு காலியா இருந்துச்சுன்னா நோடுக்குள்ள எவனும் மறிக்க மாட்டான். அதாவது ஒன் நான்-பிளாக்கிங்கை அவன் ஒரு சூத்திரமும் இல்லாம ஏற்கெனவே வச்சிருக்கான்! அவனுக்குத் தகராறு ரெண்டே எடத்துல. ஒண்ணு, இணைப்பை எறக்கி ஏத்துத எடம். ரெண்டு திசையில இருந்து ஒரே அலைநீளம் வந்து ஒரே எறக்குத் தட்டுல எறங்கப் பாத்தா முட்டிக்கும். அதைத் தவிர்க்க ஒளியை 16-ஆப் பிரிச்சு எல்லாப் பக்கமும் நீட்டுத ஸ்விட்சு போடுதாக. 16-ல ஒரு பங்குதான் மிஞ்சும், 12 டெசிபெல் போயிரும், போனதை மீட்க ஆம்ப்ளிஃபையரை வரிசையா அடுக்குதாக. ரெண்டாவது தகராறு வாசலுக்கு வெளிய. நாலு ஊரு தாண்டிப் போற இணைப்புக்கு நாலு ஃபைபர்லயும் ஒரே எடத்துல, ஒட்டுனாப்புல ஸ்லாட்டு கெடைக்கணும். ஒத்தை ஆளுக அங்கயும் ரெண்டு பக்கமும் இலை விட்டு உக்காந்திருக்கான். அங்க ஒன் நோடுக்கு ஒரு அதிகாரமும் கெடையாது.

ஒன் தரப்புக்கும் ஒரு வலு இருக்கு, அதை மறைக்க மாட்டேன். ஊருக்கு ஊரு ஸ்லாட்டை மாத்த முடிஞ்சா, நாலு ஃபைபர்லயும் ஒரே எடம் தேட வேண்டியதில்ல. அந்தந்த ஃபைபர்ல கெடைச்ச எடம் போதும். மாத்துத பெட்டி என்னைக்கு மலிவாகுதோ அன்னைக்கு ஒன் நோடு ராசா. அது வரைக்கும், எந்த ஊரு நோடுல மட்டும் அதை வச்சா லாபம்னு கணக்குப் போடு. எல்லா ஊருக்கும் வைக்கணும்னு கெடையாது. அந்தக் கணக்கு ஒன் கட்டுரையில இல்ல, நான் தேடிப் பாத்தேன்.

ஆகையால மருமவனே, ஒன் அட்டவணையில சந்திப்பு எத்தனைங்கிற பத்திக்குப் பக்கத்துல இன்னொரு பத்தி போடு, மாத்துத பெட்டி எத்தனைன்னு. தலைப்புலயே 'ஸ்ட்ரிக்ட்-சென்ஸ்'னு எழுதிரு, பரீட்சை பண்ண வாரவரு நாலாவது பக்கம் வரைக்கும் தேட வேண்டாம். 'படம் 3'-க்குக் கீழ, பாதி அகலத்துல ஏன் உச்சிக்குப் போவுதுன்னு ரெண்டு வரி எழுது. அந்த ரெண்டு வரியைத்தான் அவரு ஞாபகம் வச்சுக்கிடுவாரு. கடைசிப் பக்கத்துல மாமனுக்கு நன்றி போட்டிருக்க, நல்ல பிள்ளை. அதுல என் பேருல ஒரு எழுத்தை விட்டுட்ட, அதையும் திருத்தி அனுப்பு.